அக்னிவீர் சி.இ.இ. (ராணுவத்துல நாலு வருஷ சேவைக்கு ஆள் எடுக்குற கம்ப்யூட்டர் பரீட்சை) ரெண்டாவது தடவை எழுதினவங்க இருக்கீங்களா?

புதுக்கோட்டை ஓட்டக்காரன்:
ஜி.டி.தான், ஜெனரல் டியூட்டி, அதாவது சாதாரண சிப்பாய் வேலை. முதல் தடவை இங்கிலீஷ், இந்தி ரெண்டுல மட்டும்தான் கேள்வி. 50-க்கு 50-உம் டிக் அடிச்சேன். ரிசல்ட்ல எனக்கு முந்தின நம்பர் இருக்கு, அடுத்த நம்பர் இருக்கு, நான் இல்ல. மைனஸ் மார்க்தான் கவுத்துச்சுன்னு மனசுல பதிஞ்சுபோச்சு.

2025-ல தமிழ்லயே கேள்வி. தமிழ் மீடியம் பையன், தெம்பா உக்காந்தேன். ஆனா வருஷம் பூரா இங்கிலீஷ் மாடல் பேப்பராவே போட்டதுல, ‘கூட்டு வட்டி’ன்னு பாத்ததும் ‘காம்பவுண்ட் இன்ட்ரஸ்ட்’னு வாய்க்குள்ள முணுமுணுத்த பிறகுதான் ஃபார்முலாவே வந்துச்சு. பத்தாவதுல தமிழ்ல போட்ட அதே கணக்கு!

கடைசி நாலு நிமிஷம், ஒம்பது கேள்வி பாக்கி. மவுஸ் ஒரு ஆப்ஷன் மேலயே நிக்குது. தப்பாயிடுமோன்னு வலது கையை எடுத்துத் தொடைக்கு அடியில வச்சு உக்காந்துட்டேன். டைம் முடியற வரைக்கும். இந்தத் தடவையும் நம்பர் வரல. வயசும் தாண்டிடுச்சு.

ரிட்டயர்டு ஹவில்தார்:
தம்பி, நானும் ரெண்டாவது தடவைதான் பாஸ். எங்க காலத்துல முதல்ல ஓட்டம், அப்புறம்தான் பரீட்சை, 2023-ல தலைகீழாக்கிட்டாங்க. ஆனா விட்டுட்டு வந்தது தப்பு. சரியான விடைக்கு 2 மார்க், தப்புக்கு அரை. கண்ணை மூடிட்டு நாலு கேள்வி அடிச்சு ஒண்ணு சரியானாக்கூட 2 வரும், ஒன்றரை போகும், அரை மிச்சம். ரெண்டு ஆப்ஷனை ஒதுக்கத் தெரிஞ்சா இன்னும் லாபம். அடுத்து எழுதுற பிள்ளைங்களுக்கும் சொல்றேன்: எழுத்து முடிஞ்சதும் ஓடலாம்னு இருக்காதீங்க. 1.6 கி.மீ. அஞ்சரை நிமிஷத்துக்குள்ள வந்தாத்தான் முழு 60 மார்க். புல்-அப்ஸ் பத்து எடுத்தா 40. புது ஷூ போட்டு ராலிக்கு, அதான் அந்த ஓட்டம், புல்-அப்ஸ் எல்லாம் வைக்கிற இடத்துக்கு, போகாதீங்க. முந்தின நாள் பரோட்டா வேண்டாம்.

மைசூர் ரிட்டர்ன்:
ஐயா, அவர் பரோட்டாவைப் பத்திக் கேட்கவே இல்லையே. தப்பா அடிச்சா என்ன ஆகும்ங்கிற பயம் கணக்குல அடங்காது. எனக்கு ஏர்ஃபோர்ஸ் ஃப்ளையிங் பிராஞ்ச், பைலட் வேலை. அதுக்கு ஏ.எஃப்.கேட்.னு எழுத்துப் பரீட்சை. ரெண்டாவது முயற்சி, மைசூர் செலக்‌ஷன் போர்டுல அஞ்சு நாளும் தாண்டி ரெக்கமண்ட் ஆனேன். கடைசியா சி.பி.எஸ்.எஸ். மெஷின், விமானம் ஓட்டத் தோதான ஆளான்னு பாக்குற டெஸ்ட். இடது பெடல் அழுத்த வேண்டிய இடத்துல வலதை அழுத்துறேன், தெரிஞ்சுக்கிட்டே திரும்பவும் வலதுதான். அந்த டெஸ்ட் ஆயுசுக்கு ஒரே தடவைதான். இப்பவும் ஸ்கூட்டி ஓட்டும்போது இடது கால் தானா தரையைத் தட்டும்.

புதுக்கோட்டை ஓட்டக்காரன்:
அக்கா, என் வலது கையும் அப்படித்தான்.
ஹவில்தார் ஐயா, அந்த அரை மார்க் கணக்கை ஒம்பது கேள்விக்கும் போட்டுப் பாத்தேன். ஒரு மார்க்குக்கு மேல வருது. அந்த ஒரு மார்க்குல போச்சா, பத்து மார்க்குல போச்சான்னுதான் தெரியல.