செம்பனை எண்ணெய் சார்ட்டில் சப்போர்ட் கோடு மாசம் பாதியில் உடையுது, எங்க தப்பு?

தெலுக் இந்தான் தம்பி:
வணக்கம் அண்ணே, அக்கா. எஃப்சிபிஓ (கச்சா செம்பனை எண்ணெய் முன்பேரக் கான்ட்ராக்ட்; விலை டன்னுக்கு இத்தனை வெள்ளி, அதாவது ரிங்கிட்) தினசரி சார்ட்ல மூணு சிக்கல்.

மூணாவது மாதத் தொடர் சார்ட்ல (நடப்பு மாதத்தோட சேர்த்து எண்ணினா மூணாவதா வர்ற மாதக் கான்ட்ராக்ட் விலையை ஒட்டிக்கிட்டே போறது) மூணு அடிப்புள்ளியை இணைச்சு, விலையைத் தாங்கும்னு நினைச்ச சப்போர்ட் ஏறுகோடு போட்டேன்: மே மூணாவது வாரம் 3,890, ஜூன் கடைசி வாரம் 4,010, ஜூலை முதல் வாரம் 4,055. ஜூலை 15 முடிவு 4,100, கோட்டுக்கு மேல. 16ஆம் தேதி காலைல 4,045ல திறந்து கோட்டை உடைச்சிருச்சு. முந்தின ராத்திரி சிகாகோ சோயா எண்ணெய் அசையவே இல்ல.

ரெண்டாவது, டபிள்யூ. டி. கான்ங்கிறவரோட கோண முறைல 45 டிகிரி கோடு போட்டா கைப்பேசில விலைக்கு மேல நிக்குது, மடிக்கணினில கீழ நிக்குது.

மூணாவது, கோட்டுக்கு 20 வெள்ளி கீழ ஸ்டாப் (விலை அங்க வந்தா நஷ்டத்தோட வெளியேறுற உத்தரவு) வச்சா, அதைத் தட்டிட்டுத்தான் விலை மேல போகுது.

தோட்டத்துக் கிராணி:
தம்பி, 16ஆம் தேதி விலை விழல. கான்ட்ராக்ட் மாறியிருக்கு. நடப்பு மாதக் கான்ட்ராக்ட் 15ஆம் தேதி நண்பகலோட முடியும். அதோட மூணாவது மாதம் செப்டம்பர்லேர்ந்து அக்டோபருக்குத் தாவும். 15ஆம் தேதி நீங்க பார்த்த 4,100 செப்டம்பர் விலை, மறுநாள் பார்த்த 4,045 அக்டோபர் விலை. அக்டோபர் சார்ட்டைத் தனியா திறந்து 15ஆம் தேதி முடிவு என்னன்னு பாருங்க. அதுவும் 4,045 பக்கம் இருந்தா உடைப்பே இல்ல.

இன்னொன்னு கவனிச்சீங்களா? உங்க முதல் அடிப்புள்ளி ஆகஸ்ட் கான்ட்ராக்ட், அடுத்த ரெண்டும் செப்டம்பர். ரெண்டு வேற சரக்கோட விலையை ஒரே கோட்டால கட்டியிருக்கீங்க. அந்தக் கோடு மேல நம்பிக்கை வைக்க வழியே இல்ல.

இப்படிச் செய்ங்க. சாய்கோட்டுக்கு, கான்ட்ராக்ட் மாற்ற இடைவெளியைச் சரிசெய்த தொடர் சார்ட்; அமைப்புல பேக் அட்ஜஸ்ட்னு இருக்கும். ஒரே விலைல கிடையா போற படுகோட்டுக்குச் சரிசெய்யாத சார்ட், ஏன்னா சரிசெய்த சார்ட்ல பழைய விலையெல்லாம் நகர்ந்துபோயிருக்கும். 2022 மார்ச்சுல சந்தை 7,000 வெள்ளியைத் தாண்டின உச்சம்கூட அதுல வேற எண்ணுல காட்டும். யாரும் வாங்கி விக்காத விலைல சப்போர்ட் எங்கேர்ந்து வரும்? தனிக் கான்ட்ராக்ட் சார்ட்ல வரையிறதா இருந்தா, வியாபாரம் மெலிஞ்சிருந்த ஆரம்ப மாதங்களோட வாலை (அன்னிக்கு விலை தொட்டுட்டுத் திரும்பின நுனி) புள்ளியா எடுக்காதீங்க.

சார்ட்டு அக்கா:
கோணத்துக்கு நான் சொல்றேன். டபிள்யூ. டி. கான் (1878–1955) கட்டம் போட்ட தாள்ல கையால வரைஞ்சவர். ஒரு கட்டம் இத்தனை புள்ளி, ஒரு கட்டம் ஒரு நாள்னு அளவு நிலையா இருந்துச்சு. திரைல அந்த அளவு நீங்க விரலால இழுக்கிறப்பல்லாம் மாறுது. அதனால டிகிரியை விட்டுட்டு, நாளைக்கு எத்தனை வெள்ளின்னு கணக்கு வச்சுக்கோங்க. உங்க கோட்டையே எடுத்துப்போம்: 3,890லேர்ந்து 4,010க்கு 24 மெழுகுவர்த்தி, அதாவது சார்ட்ல நாளுக்கு ஒண்ணா வர்ற விலைக்கட்டை. 120ஐ 24ஆல வகுத்தா நாளைக்கு 5 வெள்ளி. 40ஆவது நாள்ல கோடு 4,090ல இருக்கணும். கைப்பேசியோ கணினியோ, இந்த எண்ணு வரலைன்னா கோடு நகர்ந்துருச்சுன்னு அர்த்தம். கான் விசிறியே (ஒரே புள்ளிலேர்ந்து பல சாய்வுல விரியிற கோடுகள்) வேணும்னா ஒரு நாளுக்கு 5 வெள்ளியா 10 வெள்ளியான்னு முதல்ல முடிவு பண்ணி, விலைக்கும் மெழுகுவர்த்திக்கும் உள்ள விகிதத்தைப் பூட்டிடுங்க.

லாக் அளவுகோல் (ஒரே விழுக்காடு ஏற்றத்தை ஒரே உயரமாக் காட்டுறது) ஒரு சாதனத்துல மட்டும் போட்டிருக்கான்னும் பாருங்க. 20 நாள்ல 4,000லேர்ந்து 4,400 போற கோட்டை 60ஆவது நாள் வரைக்கும் நீட்டினா, சாதா அளவுகோல்ல 5,200, லாக்ல 5,324. ஒரு கான்ட்ராக்ட் 25 டன், ஆக 124 வெள்ளி வித்தியாசம்னா 3,100 வெள்ளி.

தெலுக் இந்தான் தம்பி:
அக்டோபர் சார்ட்ல 15ஆம் தேதி முடிவு 4,048 அண்ணே! உடைப்பு இல்லவே இல்ல. லாக்கும் கைப்பேசில ஆன்ல இருந்துச்சு அக்கா. ஆனா ரெண்டு செயலில ஒரே கான்ட்ராக்ட்டோட அடிவிலை வேற வேறயா இருக்கே?

சார்ட்டு அக்கா:
ராத்திரி அமர்வு. 2021 டிசம்பர்லேர்ந்து திங்கள் முதல் வியாழன் வரைக்கும் இரவு 9 மணிலேர்ந்து 11.30 வரை நடக்குது, மறுநாள் கணக்குல சேரும். ஒரு செயலி அதைச் சேர்க்குது, இன்னொன்னு விட்டுடுது. சேர்க்கிறதை வச்சுக்கோங்க.

பாகான் டத்தோ:
நம்ம பக்கம் எடைமேடைல எழுதிப்போடுற குலை விலையை வச்சு வரையலாமா?

தோட்டத்துக் கிராணி:
வேண்டாங்க. அது எண்ணெய்ப் பிழிவு விகிதத்தை வச்சுப் போடுற விலை, சந்தை ஓட்டத்துக்குப் பின்னாலதான் வரும்.

தம்பி, ஸ்டாப் விஷயம் பாக்கி இருக்கு. 14 நாள் ஏடிஆர் (ஒரு நாளைக்கு விலை சராசரியா ஆடுற அளவு) 80 வெள்ளின்னா, ஒரு சாதாரண நாளே 80 வெள்ளி ஆடும். அதுல 20 வெள்ளி ஸ்டாப் வைக்கிறது தூறல்ல வாசல்ல நிக்கிற மாதிரி, நனையத்தான் செய்யும். கோட்டை மெல்லிசா நினைக்காம, அடிப்புள்ளி மெழுகுவர்த்தியோட வால் நுனிக்கும் அதோட தடிச்ச உடலோட கீழ்முனைக்கும் நடுவுல உள்ள பட்டையா போடுங்க. ஸ்டாப் பட்டைக்கு வெளிய, ஏடிஆர்ல பாதி தள்ளி, அதாவது 40 வெள்ளி. மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தோட மாதக் கையிருப்புக் கணக்கு 10ஆம் தேதி வாக்குல வரும். அன்னிக்கு எந்தப் பட்டையையும் நம்பிப் புதுசா வாங்காதீங்க.

ஆனா 40 வெள்ளி ஸ்டாப்னா ஒரு கான்ட்ராக்ட்டுக்கு 1,000 வெள்ளி போகும். கணக்குல எவ்வளவு வச்சிருக்கீங்க?

தெலுக் இந்தான் தம்பி:
10,000 அண்ணே. ஒரு தடவைக்கு 2 விழுக்காடுதான் இழக்கலாம்னு வச்சிருக்கேன்.

தோட்டத்துக் கிராணி:
அப்ப 200 வெள்ளி. 25ஆல வகுத்தா 8 வெள்ளி ஸ்டாப், இந்தச் சந்தைல அது நிக்காது. எஃப்சிபிஓவைத் தாள்ல எழுதிப் பழகுங்க. அதுவரைக்கும் தோட்டக் கம்பெனிப் பங்குல அதே பட்டை முறையைப் போடுங்க: 10 சென் ஸ்டாப்னா 2,000 பங்கு, 20 லாட். ஈவுத்தொகை, போனஸ் பங்குக்குச் சரிசெய்த சார்ட்டா இல்லையான்னு மட்டும் முதல்ல பாத்துக்கோங்க. அங்கயும் இதே மாதிரிப் பொய் இடைவெளி வரும்.