ஆழமான நிலையம் எது: ஹாம்ப்ஸ்டெட்டா, நார்த் எண்டா?

சுரங்கப்பித்தன்:
லண்டன் பாதாள ரயிலின் மிக ஆழமான நிலையம் நார்த் எண்ட் என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. 1907-இல் திறக்கப்பட்டு, இன்றும் பயணிகள் ஏறி இறங்குகிற புறநகர் நிலையமான ஹாம்ப்ஸ்டெட், தெருமட்டத்திலிருந்து 58.5 மீட்டர் கீழே இருக்கிறது. அந்த நகரில் அதை விஞ்சும் நிலையம் கிடையாது.

குன்றடியான்:
எழுதியவன் நான்தான். ஹாம்ப்ஸ்டெட்டுக்கும் கோல்டர்ஸ் கிரீனுக்கும் இடையே நடைமேடைச் சுரங்கம் வரை தோண்டி, 1906-இல் பணி நிறுத்தப்பட்ட நார்த் எண்டின் ஆழம் சுமார் 67 மீட்டர். எந்த எண் பெரியது என்பதைத் தாங்களே கூட்டிக் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

சுரங்கப்பித்தன்:
அருகில் வீடுகள் எழவிருந்த நிலம் ஹாம்ப்ஸ்டெட் ஹீத்தோடு சேர்ந்து பொதுவெளியாகிவிட, ஏறுவதற்கு ஆள் இருக்காது என்று கைவிட்டுப்போன குழி அது. ஒரு பயணச்சீட்டுகூட விற்காத, தெருவில் வாசலே இல்லாத அந்தக் குழிக்காக நான் 58.5 மீட்டரை விட்டுக்கொடுக்க வேண்டுமா?

குன்றடியான்:
67.

தேம்ஸ்நேசன்:
இரண்டுமே குன்றுக்கு அடியில் இருப்பதால்தான் இவ்வளவு ஆழம். கடல்மட்டத்தை வைத்து அளந்தால், ஆற்றங்கரை நிலையங்கள் இவற்றைவிடத் தாழ்வானவை.

சுரங்கப்பித்தன்:
கடலைப் பற்றி இங்கே யாரும் கேட்கவில்லை. போன முறையும் 105.5 மீட்டர் ஆழமுள்ள கீவ் நகரத்து அர்செனல்னாவை இழுத்துவந்து விவாதத்தைக் குலைத்தவர் தாங்கள்தான் என்பதை நான் மறக்கவில்லை.

குன்றடியான்:
வாசல் இல்லை என்றீர்களே, 1950-களில் தெருவிலிருந்து இறங்க வழி அமைத்தது யாருக்காக? தங்கள் ஹாம்ப்ஸ்டெட்டின் நடைமேடை ஓடுகளிலோ, திறப்பதற்கு முன் நினைத்திருந்த 'ஹீத் ஸ்ட்ரீட்' என்ற பெயர்தான் இன்னமும் இருக்கிறது. முதலில் அந்தச் சுவரைத் திருத்துங்கள், பிறகு ஆழத்தை அளக்கலாம்.

சுரங்கப்பித்தன்:
ஓடு பதிக்கும் அளவுக்காவது அங்கே வேலை முடிந்தது. தாங்கள் சொல்லும் வழி அலுவலர்களுக்கானது. அதில் எந்தப் பயணியும் இறங்கியதில்லை. ஹாம்ப்ஸ்டெட்டின் 320 படிகளையும் மின்தூக்கி இல்லாமல் ஏறிவந்து, மூச்சு மிச்சமிருந்தால் 67 என்று மறுபடியும் எழுதுங்கள்.

குன்றடியான்:
67. படிகளைப் பற்றித் தனி இழை தொடங்குங்கள், அங்கேயும் வருகிறேன்.