ஸ்டார்ட்டருக்கு வந்த ரீசார்ஜ் மெசேஜ்

எங்கள் வீடு காவேரிப்பட்டணம் பக்கம். மாந்தோப்பு, கொஞ்சம் தென்னை, ஒரு போர்வெல். போன் சூடாகிறது, டிவி ரிமோட் வேலை செய்யவில்லை என்பதெல்லாம் எல்லார் வீட்டிலும் இருக்கிறதுதான், கடைக்குக் கொண்டுபோனால் தீர்ந்துவிடும். போர் தண்ணீரில் உப்பு அதிகம் என்பதால் ஹீட்டர் காயிலில் வெள்ளையாகப் படிந்து காயில் போய்விடும், அதையும் மாற்றிக்கொள்ளலாம். எனக்கு எரிச்சல் வருவது வேறு விஷயத்தில். இப்போது எதை எடுத்தாலும் ஒரு போன் நம்பரோடு முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். அந்த நம்பர் யாருடையதோ அவர் வீட்டில் இருப்பதே இல்லை.

மோட்டார் கதையைச் சொல்கிறேன். விவசாயத்துக்கு த்ரீ பேஸ் கரண்ட் எங்கள் பக்கம் ஷிப்ட் கணக்கில்தான் வரும், சில நாள் பகலில், சில நாள் நடுராத்திரியில். முன்பெல்லாம் மாமா டார்ச்சும் தடியுமாக ராத்திரியில் தோப்புக்குப் போய் மோட்டார் போட்டுவிட்டு வருவார். பாம்பு பயம் வேறு. அப்புறம் மொபைல் ஸ்டார்ட்டர் மாட்டினோம். அதற்குள் ஒரு சிம் இருக்கும், நம் போனிலிருந்து கூப்பிட்டால் அதுவே எடுத்து கரண்ட் இருக்கிறதா, மோட்டார் ஓடுகிறதா என்று சொல்லும், ஒரு பட்டனை அழுத்தினால் ஓடும், இன்னொன்றை அழுத்தினால் நிற்கும். கட்டிலில் படுத்துக்கொண்டே தண்ணீர் பாய்ச்சலாம். உண்மையிலேயே நல்ல சாமான், அதைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் போன கோடையில் ஒருநாள் மாமா கூப்பிடுகிறார், கூப்பிடுகிறார், லைனே போகவில்லை. மரத்தில் பிஞ்சு நிற்கிற நேரம். டவர் இல்லை என்றார் ஒருவர், ஸ்டார்ட்டர் போர்டு போய்விட்டது என்றார் இன்னொருவர். மெக்கானிக் வந்து சிம்மைக் கழற்றித் தன் போனில் போட்டார். டிங் டிங் என்று மெசேஜ் கொட்டுகிறது. உங்கள் வேலிடிட்டி முடியப் போகிறது, இன்று கடைசி நாள், இன்கமிங் நிறுத்தப்படும் என்று எத்தனையோ நாளாக அனுப்பியிருக்கிறார்கள், எல்லாம் தோப்புக்கு நடுவே ஷெட்டுக்குள் பூட்டிக்கிடந்த ஸ்டார்ட்டருக்கு! அது படித்துவிட்டு வந்து நம்மிடம் சொல்லுமா? மாமா, "அதுங்கிட்ட சொல்லிட்டு எங்கிட்ட சொல்லாம விட்டா எப்படி" என்று மெக்கானிக்கிடமே சண்டைக்குப் போய்விட்டார்.

இன்னொரு தொல்லை, கடன் வேண்டுமா, கிரெடிட் கார்டு வேண்டுமா என்று கூப்பிடுகிறார்களே, அவர்களுக்கு இது ஸ்டார்ட்டர் என்று தெரியாது. எங்களுடையதில் பதிவு செய்த நம்பருக்கு மட்டும்தான் பதில் வரும். பக்கத்துத் தோட்டத்தில் அப்படிப் பதிவு செய்யாமல் விட்டிருந்தார்கள். யார் கூப்பிட்டாலும் எடுத்து, கரண்ட் இருக்கிறது, மோட்டார் நிற்கிறது என்று ஆரம்பித்துவிடும். லோன் கொடுக்கக் கூப்பிட்ட பெண் என்ன நினைத்திருப்பாளோ.

சிம்மிலும் ஒரு சிக்கல் உண்டு. எங்களுடையது போன்ற பழைய ஸ்டார்ட்டர்கள் 2ஜி. 4ஜி மட்டும் உள்ள சிம்மைப் போட்டால் எடுக்காது. நெட் இல்லாத ரீசார்ஜ் கிடைப்பதும் கஷ்டமாக இருந்தது, ஸ்டார்ட்டர் என்ன ரீல்ஸா பார்க்கப் போகிறது? 2024 டிசம்பரில் போன் கம்பெனிகளுக்கு விதி போடுகிற டிராய் ஆணையம் கொண்டுவந்த விதியில் கால், எஸ்எம்எஸ்ஸுக்கு மட்டும் தனியாக பேக் கொடுக்க வேண்டும், 365 நாள் வரை வேலிடிட்டி கொடுக்கலாம் என்று வந்த பிறகுதான் கொஞ்சம் நிம்மதி. இப்போது வருஷத்துக்கு ஒருமுறை போட்டுவிட்டு, முடிகிற தேதியை அடுப்படி காலண்டரில் எழுதி வைத்திருக்கிறோம்.

அடுத்தது கேஸ். இணைப்பு அத்தை பேரில், நம்பர் கொழுந்தனாருடையது. அவர் ஓசூர் சிப்காட்டில் வேலை செய்கிறார், உள்ளே போகும்போது போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். சிலிண்டர் கொண்டுவருகிற தம்பி வாசலில் இறக்கி வைத்துவிட்டு, "அக்கா, ஓடிபி சொல்லுங்க" என்று நிற்பான். ஓடிபி ஓசூரில் லாக்கருக்குள் இருக்கிறது. அத்தை அவனுக்கு மோர் கொடுத்து, "நாலு நம்பர்தானே கண்ணு, நீயே ஒண்ணு போட்டுக்கோ" என்பார். அவன் சிரித்துக்கொண்டே அடுத்த தெருவுக்குப் போய்விட்டு, ஷிப்ட் முடிகிற நேரத்துக்குத் திரும்பி வருவான். சிலிண்டரும் வண்டியிலேயே ஊர் சுற்றிவிட்டு வரும். ஏஜென்சிக்குப் போய் நம்பரை மாற்றிய பிறகு இந்தக் கூத்து நின்றது. கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துப் போனால் சீக்கிரம் முடிந்துவிடும், இப்படி அவதிப்படுகிறவர்கள் முதலில் அதைச் செய்துவிடுங்கள்.

ரேஷன் கடையில் நம்பரைவிட விரல்தான் பிரச்சினை. அத்தை சின்ன வயதிலிருந்தே புளி தட்டிக் கொட்டை எடுத்த கை, ரேகை தேய்ந்து மழமழவென்று இருக்கும். கட்டை விரல், ஆள்காட்டி விரல், இடது கை, வலது கை, துடைத்து வை, எண்ணெய் தடவி வை என்று ஆளுக்கு ஒரு யோசனை சொல்வார்கள். மிஷின் மசியாது. இப்போது கண்ணைக் காட்டினால் கருவிழியை வைத்தே பதிவாகிவிடுகிறது. "இதை முதல்லயே வெச்சிருக்கலாம்ல" என்று அத்தை கேட்டதற்குக் கடைக்காரரிடம் பதிலில்லை.

எங்கள் வீட்டில் ஒரு வழியாக எல்லாவற்றையும் சரி செய்தாகிவிட்டது. ஸ்டார்ட்டரில் மாமா நம்பரோடு என் நம்பரையும் சேர்த்தாயிற்று. நாத்தனார் வீட்டில்தான் இன்னும் தீரவில்லை. கிருஷ்ணகிரி டவுனில் பழைய வீடு ஒன்று வாங்கினார்கள், கரண்ட் பில் மெசேஜ் இன்னும் வீட்டை விற்றவருக்கே போகிறது. மனுஷன் நல்லவர், ரெண்டு மாசத்துக்கு ஒருமுறை மறக்காமல் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார். போன தடவை அனுப்பிவிட்டுக் கீழே, "ஏறியிருக்கேம்மா, ஏசி போட்டுட்டீங்களா?" என்று கேட்டிருந்தார்.