மறு: கிரீன் ஃபீக்குத் தமிழ் – பசுமைக் கட்டணமா, பசுமை மகமையா?

அனைவருக்கும் வணக்கம்.

வளாகத்தின் சுற்றுச்சூழல் வேலைகளுக்காகப் பல்கலைக்கழக மாணவர்கள் தரும் 'கிரீன் ஃபீ'யைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டு சும்மா இருந்தேன். நேற்றைய மடலில் இந்த வரிகளைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை.

> ஃபீ என்றால் கட்டணம், கிரீன் என்றால் பசுமை. பசுமைக் கட்டணம். இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

இருக்கிறது ஐயா. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் அக்கா மகளிடம் இந்தச் சொல்லை மட்டும் சொல்லிப் பார்த்தேன், விளக்கம் எதுவும் தராமல். "என்ன மாமா, செமஸ்டர் ஃபீஸ்ல இதையும் சேர்த்துட்டாங்களா?" என்றாள். ஆய்வகக் கட்டணம், நூலகக் கட்டணம், தேர்வுக் கட்டணம் என்று போகும் ரசீதில் இன்னொரு வரி. அவர்கள் போடுவார்கள், நாம் கட்டுவோம். 'கட்டணம்' நம் காதில் அப்படித்தான் விழுகிறது.

நாம் பெயர் தேடும் பொருளோ வேறு மாதிரி. கலிபோர்னியாவின் பெர்க்லி வளாகத்தில் 2007இல் மாணவர்களே வாக்களித்து, தலைக்கு செமஸ்டருக்கு 5 டாலர் தருவதென்று முடிவு செய்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டே சான்டா பார்பரா மாணவர்கள் இதைச் செய்துவிட்டார்கள். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 2003லேயே தூய ஆற்றலுக்கென்று 2 டாலர் தர வாக்களித்தார்கள். பணத்தை வசூலிப்பது பல்கலைக்கழகம்தான், கல்விக் கட்டணத்தோடு சேர்த்துத்தான். ஆனால் எந்தத் திட்டத்துக்குக் கொடுப்பது என்று கூடிப் பேசி முடிவெடுக்கும் குழுவில் மாணவர்களின் கைதான் ஓங்கியிருக்கும். தண்ணீர் பாட்டில் நிரப்பும் குழாய், சைக்கிள் பழுது பார்க்கும் இடம், உணவுக் கழிவை உரமாக்குவது எனச் சின்னச் சின்ன வேலைகள் நிறைய. பெரியதும் உண்டு: இல்லினாயில் 2015இல் சுமார் 20 ஏக்கரில் சூரிய மின்பண்ணை வந்தபோது, மாணவர் குழு கொடுத்த பங்கு மட்டும் 10 லட்சம் டாலருக்கு மேல்.

ஆக, தங்கள் தலையில் தாங்களே போட்டுக்கொண்டது இது. ஒருமுறை வாக்கெடுப்பில் வென்றுவிட்டால் எதிர்த்து வாக்களித்தவரும் தர வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்து வருகிற சொல் வேண்டும். 'சந்தா' விருப்பம் இருந்தால் கட்டுவது, 'நன்கொடை'யும் அப்படியே. 'பசுமை வரி' என்று ஒருவர் எழுதியிருந்தார். பழைய வண்டிகளுக்கு அரசு போடும் பசுமை வரி ஏற்கெனவே இருக்கிறது, குழப்பம்தான் மிஞ்சும்.

நம் ஊரில் இப்படி ஒரு வழக்கம் இல்லாமலா இருந்தது? கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுகிறோமே. ஊர் கூடிப் பேசித் தொகை முடிவு செய்யும், அப்புறம் யாரும் தப்ப முடியாது. பொருள் கச்சிதம். ஆனால் தலைக்கட்டு என்பது குடும்பக் கணக்கு, விடுதி அறையில் தனியாக இருக்கும் பையனுக்குப் பொருந்தாது.

எனக்குத் தோன்றும் சொல் 'மகமை'. விருதுநகர், சிவகாசிப் பக்கத்து வணிகர்கள் மூட்டைக்கு இவ்வளவு என்று தங்களுக்குள் முடிவு செய்து, வியாபாரத்திலிருந்து ஒரு சிறு தொகையைப் பொதுவுக்கு எடுத்து வைப்பார்கள். அரசு கேட்டதல்ல. ஆனால் உறவின்முறைக்குள் (அவர்களின் சாதிச் சங்கம்) இருந்துகொண்டு தராமல் இருக்கவும் முடியாது. அந்தப் பணத்தில் சரக்கு இறக்கி வைக்கும் பேட்டைகளும் கோயில்களும் பள்ளிக்கூடங்களும் வந்தன. காமராஜர் படித்த விருதுநகர் சத்திரிய வித்தியாசாலையும் இப்படி ஊர்க்காரர்கள் சேர்த்த பணத்தில் வளர்ந்ததுதான். வீட்டுக்கு வீடு பிடியரிசி, அதாவது ஒரு கைப்பிடி அரிசி, வாங்கி நடத்தினார்கள் என்பது பலருக்கும் தெரிந்த கதை. ('பசுமைப் பிடியரிசி' என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. சாப்பாட்டுத் திட்டம் என்று நினைத்துவிடுவார்கள், வேண்டாம்.)

ஆகவே என் பரிந்துரை: பசுமை மகமை.

எதிர்ப்பு வரும் என்று தெரியும். ஒரு சாதியின் வணிக அமைப்போடு ஒட்டிய சொல் என்பீர்கள். ஓரளவு உண்மை. ஆனால் கோயிலுக்கும் அறத்துக்கும் எடுத்து வைப்பதையும் மகமை என்றே சொல்லியிருக்கிறார்கள், ஒரே கூட்டத்தின் சொத்து இல்லை. அடுத்தது, இளையவர்களுக்குப் புரியாது என்பது. என் அக்கா மகளுக்கும் புரியவில்லை, "அப்படின்னா?" என்று கேட்டாள். இரண்டு வாக்கியத்தில் சொன்னேன், பிடித்துக்கொண்டாள். 'கட்டணம்' சட்டென்று புரிகிறது, ஆனால் தப்பாகப் புரிகிறது. மகமை போல, கேட்டுத் தெரிந்துகொண்டாலும் சரியாகப் புரிகிற சொல்லே எனக்குப் பரவாயில்லை.

> டெக்சாஸ் சட்டமே ஃபீ என்றுதான் சொல்கிறது.

ஆமாம். 2009இல் வந்த அந்தச் சட்டம் மாணவர் வாக்கெடுப்பில் வென்றால் மட்டுமே பல்கலைக்கழகம் இந்தத் தொகையை வசூலிக்கலாம் என்கிறது. சட்ட வாசகத்தை மொழிபெயர்க்கும்போது 'சுற்றுச்சூழல் சேவைக் கட்டணம்' என்றே இருக்கட்டும், அதில் கை வைக்க வேண்டாம். கட்டுரையிலும் பேச்சிலும் மகமை வரட்டும்.

இன்னொன்று. இழையில் பலர் தொகையையும் அது சேரும் பெட்டியையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். தருவது மகமை, சேருவது 'மாணவர் பசுமை நிதி'. அதிலிருந்து திட்டத்துக்குக் கொடுப்பதை 'மானியம்' என்றால் உரம், எரிவாயு நினைவு வருகிறது. 'நல்கை' நல்லது, ஆய்வு நல்கை என்று பழகியும் விட்டது. திட்டத்தால் மின்சாரச் செலவில் மிச்சமான பணத்தை நிதிக்கே திருப்பிக் கட்டும் முறைக்குப் புதுச் சொல் தேடவே வேண்டாம், மகளிர் குழுவில் யாரைக் கேட்டாலும் 'சுழல் நிதி' என்பார்கள்.

சஸ்டெயினபிலிட்டிக்கு 'வளங்குன்றாமை'யா, இலங்கை நண்பர் சொன்ன 'பேண்தகைமை'யா என்பதைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம். அதை இங்கே கிளப்பினால் பொங்கல் வரை ஓடும்.

கலைச்சொல் பட்டியல் தொகுக்கும் அம்மாவுக்கு ஒரு கேள்வி: மகமை 'பிடிப்பது' என்று எழுதுவதா, 'எடுப்பது' என்றா? எங்கள் பக்கம் இரண்டும் கேட்டிருக்கிறேன். 'மாணவர்கள் தங்களுக்குள் செமஸ்டருக்கு 5 டாலர் பசுமை மகமை பிடிக்கிறார்கள்' என்பது எனக்கு உறுத்தவில்லை. உங்கள் ஊரில் எப்படி?