பொதிப்பை, வார், பட்டி: ரக்சாக் சொற்கள் பற்றி

நண்பர்களுக்கு வணக்கம்.

மலைநடைக்கு முதுகில் மாட்டிச் செல்லும் பெரிய பையான ரக்சாக்குக்குத் தமிழில் என்ன சொல்வது என்று நம் குழுமத்தில் நடக்கும் பேச்சில் இதுவரை, ஆளுக்கொரு சொல்லாக, பெரும்பாலும் பையின் பெயரைப் பற்றியே பேசியிருக்கிறோம். அது போதாது என்று நினைக்கிறேன். அதன் வார், பட்டி, சட்டம், மூடி எல்லாவற்றுக்கும் சேர்த்தே பெயர் வைக்க வேண்டும். எதை எங்கே அடுக்குவது, எந்த வாரை எப்போது இழுப்பது என்று ஒரு கையேடு எழுத உட்காரும்போதுதான் ஒரு சொல் தாங்குமா என்பது தெரியவருகிறது.

நான் மனத்தில் வைத்து எழுதுவது பிரிட்டனில் வளரும் நம் பிள்ளைகளை. இளைஞர்களுக்கான எடின்பரோ கோமகன் விருதுக்காகக் கூடாரம், அடுப்பு, சாப்பாடு எல்லாம் தாங்களே சுமந்துகொண்டு மலைநடை போகிறவர்கள் அவர்கள். உபரி இராணுவச் சாமான் விற்கும் கடைகளில் பிரிட்டிஷ் படையின் பெர்கன் பை கிடைக்கிறது. முள்ளில் உரசினாலும் கிழியாத தடித்த நைலான் துணி. விலையும் புதுப் பையைவிடக் குறைவு. வீட்டில் அதை விரித்துவைத்துக்கொண்டு அம்மாவும் பிள்ளையும் தமிழில் பேசிக்கொள்ளச் சொற்கள் வேண்டும்.

முதலில் பையின் பெயர். 'முதுகுப்பை' என்பது ரக்சாக் என்ற ஜெர்மன் சொல்லின் நேர்ப்பெயர்ப்பு. தவறில்லை. ஆனால் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகும் பைக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே நிலைத்துவிட்டது. இன்னொன்று, நன்றாகப் பூட்டிய மலைப்பையில் பாரத்தின் பெரும்பங்கு இடுப்பெலும்பின் மேல்விளிம்பில்தான் உட்காரும். முதுகு அதற்குச் சாய்மானம், அவ்வளவுதான். படையினர் பை என்ற பொருளில் வந்த 'படைப்பை' என்ற முன்மொழிவை என்னால் ஏற்க முடியவில்லை. 'உங்கள் படைப்பைத் திறந்து பாருங்கள்' என்று எழுதினால் படிப்பவர் கதையையோ கவிதையையோ நினைப்பார். நான் சொல்வது 'பொதிப்பை'. பொதிமாடு, பொதிசோறு என்று சுமையையும் கட்டையும் குறிக்க நம்மிடம் புழங்கும் சொல் அது. சட்டமும் இடுப்புப்பட்டியும் உள்ள பெரிய பை எல்லாவற்றுக்கும், அது படையினர் பையாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், பொருந்தும். 'பெர்கன்' என்பதை மட்டும் பெர்கன் என்றே விட்டுவிடலாம். 1909இல் வளைந்த சட்டம் வைத்த பைக்குக் காப்புரிமை பெற்ற நார்வேக்காரர் ஓலே பெர்கன் பெயரிலிருந்து வந்தது அது. ஆள்பெயரை மொழிபெயர்க்க வேண்டியதில்லை.

அடுத்தது வார்கள். இங்கேதான் அதிகம் யோசிக்க வேண்டியிருக்கிறது. தோளில் மாட்டும் வாரைத் 'தோள்பட்டை' என்று பலர் எழுதுகிறார்கள். உடம்பிலேயே தோள்பட்டை இருக்கிறதே! 'தோள்பட்டையை இறுக்கு' என்றால் எதை? அதனால் 'தோள்வார்'. செருப்பு வார் என்று இன்றும் சொல்கிறோம், ஆகவே யாருக்கும் விளக்க வேண்டியிராது. தோள்வாரின் உச்சியிலிருந்து பையின் மேல்முனைக்கு ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில் போகும் சிறு வார் ஒன்று உண்டு, லோட் லிஃப்டர் என்பார்கள். அதற்குத் 'தூக்குவார்' என்ற சொல் வந்திருந்தது. படித்ததும் அது வினைமுற்றாகத்தான் காதில் விழுகிறது. அதோடு அந்த வார் எதையும் தூக்குவதில்லை. பையின் தலைப்பகுதியை உடம்போடு இழுத்து அணைக்கிறது. அதைத் தளர்த்திவிட்டால் பை பின்னால் சாயும், நடப்பவர் முன்னால் குனிவார், சற்று நேரத்தில் கழுத்து வலிக்கும். 'அணைப்பு வார்' என்று பிரித்தே எழுதலாம். நெஞ்சின் குறுக்கே போவது 'மார்பு வார்'. பக்கவாட்டில் பையை நெருக்கிப் பிடிப்பது 'இறுக்கு வார்'.

இடுப்பில் கட்டுவதை மட்டும் நான் வார் என்று சொல்லமாட்டேன். காரணம், வழியில் குறுக்கிடும் ஓடை. வெல்சிலும் ஸ்காட்லாந்திலும் மலைநடையில் ஓடைகளை இறங்கிக் கடக்க நேரும். தண்ணீரில் கால் வைக்கும் முன் இடுப்பிலும் மார்பிலும் உள்ள பூட்டைக் கழற்றிவிட வேண்டும் என்பது பாதுகாப்புப் பாடம். கால் சறுக்கினால் பையை உடனே உதறிவிட வேண்டுமே, பூட்டியிருந்தால் அது ஆளைத் தண்ணீருக்குள் அழுத்திவிடும். முன்னால் போகிறவர் ஓடையின் இரைச்சலுக்கு மேல் கத்திச் சொல்ல வேண்டிய சொல் இது. தோள்வார், இடுப்புவார், மார்புவார் என்று எல்லாம் ஒரே ஓசையில் முடிந்தால் பாதிதான் காதில் விழும். ஈழத்து வீடுகளில் இடுப்புப்பட்டி, ஆசனப்பட்டி என்ற சொற்கள் இயல்பாகப் புழங்குகின்றன. அந்தப் 'பட்டி'யை எடுத்துக்கொள்வோம். 'பட்டியைக் கழற்று' என்றால் சந்தேகமே வராது. 'கச்சை' என்று சொன்ன நண்பரின் தமிழ்ப்பற்று புரிகிறது. ஆனால் பதினைந்து வயதுப் பிள்ளை வெட்கப்படாமல் உரக்கச் சொல்லக்கூடிய சொல்லாக அது எனக்குப் படவில்லை.

சட்டத்துக்கு நம் முன்னோர் வேலையை எளிதாக்கி வைத்திருக்கிறார்கள்: அகச்சட்டம், புறச்சட்டம். அமெரிக்கப் படை 1970களில் கொண்டுவந்த ஆலிஸ் பையில் அலுமினியக் குழாய்ச் சட்டம் வெளியே தெரியும். அது புறச்சட்டம். பெர்கனில் துணிக்குள் மறைந்திருப்பது அகச்சட்டம்.

அப்புறம், பெர்கன் வாங்குகிறவர்கள் கட்டாயம் கேட்க வேண்டிய ஒன்று: அது நீள்முதுகா, குறுமுதுகா, அதாவது பையின் முதுகுப்பக்கம் நீளமா, குட்டையா? இந்த இரண்டு சொற்களும் கையேட்டில் முதல் பக்கத்திலேயே வர வேண்டும். படையினர் இடுப்பைச் சுற்றித் தோட்டாப்பை, தண்ணீர்க்குப்பி எல்லாம் தொங்கவிட்ட தனிப்பட்டி ஒன்றை அணிவார்கள். பை அதன்மேல் இடிக்காமல் உயர்ந்து நிற்பதற்காகக் குறுமுதுகு வகையைத் தைத்தார்கள். அந்தத் தனிப்பட்டி இல்லாமல் மலைநடைக்குப் போகிறவர் அதை மாட்டினால் பையின் பட்டி இடுப்பெலும்புக்கு எட்டாமல் வயிற்றில் வந்து நிற்கும். பாரம் முழுவதும் தோளில் இறங்கிவிடும். நல்ல உயரமான பிள்ளை குறுமுதுகுப் பையை மாட்டிக்கொண்டு ஓயாமல் தோளைக் குலுக்கிக்கொண்டே நடப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. குறையை அந்தப் பிள்ளையின் பலத்தில் தேடுவார்கள், அது பையின் நீளத்தில் இருக்கிறது.

இனி அடுக்குவது. முதலில் 'உள்ளுறை': பைக்குள்ளே விரிக்கும் நீர்புகாத பெரிய உறை. தடித்த நைலான்தானே என்று இதை விட்டுவிடக் கூடாது, மழை தையல் வழியே உள்ளே வரும். உள்ளுறையின் அடியில் உறக்கப்பை. இரவுவரை அது தேவைப்படாது, மெத்தென்று அடித்தளமாகவும் இருக்கும். அதன்மேல், முதுகை ஒட்டி, இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கு இடைப்பட்ட உயரத்தில் கனமானவை: சாப்பாடு, சமையல் பாத்திரம், தண்ணீர். அவற்றுக்கு வெளிப்பக்கம் மாற்றுடை போன்ற இலேசானவை. கனமானதை வெளிப்பக்கம் வைத்தால் ஈர்ப்பு மையம் பின்னால் போய், ஒவ்வொரு அடியிலும் பை பின்னுக்கு இழுக்கும். கையும் காலும் ஊன்றிப் பாறை ஏற வேண்டிய இடமென்றால் கனத்தைக் கொஞ்சம் கீழே இறக்கி வைப்பது நல்லது, நிலை தடுமாறாது. மழைச்சட்டை எல்லாவற்றுக்கும் மேலே. வரைபடமும் முதலுதவியும் மூடிப்பையில்.

பையின் வாயில் கயிறு இழுத்துச் சுருக்கும் பகுதிக்கு ஆங்கிலத்தில் பல பெயர் சொல்கிறார்கள். நமக்குச் 'சுருக்குவாய்' போதும். பாட்டி இடுப்பில் செருகும் சுருக்குப்பை வேலை செய்வது அதே முறையில்தான். இதைப் பற்றி விவாதமே தேவையில்லை.

பெர்கனின் இரு பக்கமும் ஜிப்பால் மாட்டும் பக்கப்பைகள் உண்டு. எரிவாயுக் குப்பியையோ எண்ணெயையோ ஒன்றில் வைத்துச் சாப்பாட்டிலிருந்து பிரித்துவிடலாம். அதே எடைக்கு மற்றதில் ஏதாவது வைக்க வேண்டும், இல்லாவிட்டால் நாள் முழுக்க ஒரு பக்கம் சாய்ந்தே நடக்க நேரும். இரண்டையும் கழற்றித் தோள்வார் இணைப்பில் பூட்டினால் சிறிய பை ஒன்று கிடைக்கும். கூடாரத்தில் பெரிய பையை வைத்துவிட்டு உச்சிக்கு மட்டும் போய்வர அது போதும். அதற்குப் 'பகற்பை' என்று ஒருவர் சொன்னது எனக்கு மிகவும் பிடித்திருந்தது, அப்படியே வைத்துக்கொள்வோம்.

எடையைப் பற்றி ஒரு வரி கையேட்டில் தடித்த எழுத்தில் வேண்டும்: உடல் எடையில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் சுமக்கக் கூடாது. 60 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 15 கிலோதான் எல்லை. பெர்கன் வெறும் பையாகவே ஏறத்தாழ 3 கிலோ, 2 லிட்டர் தண்ணீர் 2 கிலோ. மிச்சம் 10 கிலோவில்தான் கூடாரத்தின் பங்கு, உணவு, உடை எல்லாம் அடங்க வேண்டும். பெரிய பையில் இடம் காலியாகத் தெரிந்தால் நிரப்பத்தான் கை போகும். நிரப்பாமல் இறுக்கு வாரை இழுத்துவிட்டால் உள்ளே எதுவும் ஆடாது.

மீதமிருப்பது ஒன்று. புதிய படைப்பைகளின்… பார்த்தீர்களா, படையினர் பைகளின் என்றே எழுத வேண்டியிருக்கிறது. அவற்றின் வெளிப்பக்கத்தில் 25 மில்லிமீட்டர் அகல நாடாக்களை அதே அளவு இடைவெளி விட்டு வரிசையாகத் தைத்து, 38 மில்லிமீட்டருக்கு ஒரு தையல் போட்டுக் கண்ணிகளாகப் பிரித்திருப்பார்கள். கூடுதல் பைகளை அதில் கோத்துக்கொள்ளலாம். மோலி என்று கடைகளில் சொல்வது இந்த ஏற்பாட்டைத்தான். 'நாடா ஏணி' என்பதைவிடக் 'கண்ணிநாடா' என்பது கோக்கும் வேலையைக் காட்டுகிறது. ஆனால் கண்ணிவெடி நினைவில் உள்ளவர்கள் இந்தக் குழுமத்தில் பலர் இருக்கிறீர்கள். இராணுவப் பையோடு சேர்த்து அந்தச் சொல்லைப் படிப்பது உங்களுக்கு உறுத்தும் என்றால் சொல்லுங்கள், 'கோப்புநாடா' என்று மாற்றிவிடுகிறேன்.