உறைகரு மாற்றம்: அனுபவம் உள்ளவர்களின் உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 34. திருமணமாகி ஏழு ஆண்டுகள் ஆகின்றன. மூன்று முறை ஐ.யு.ஐ. (விந்தணுவைக் கருப்பைக்குள் செலுத்தும் சிகிச்சை) கைகொடுக்காததால் உடலுக்கு வெளியே கருவை உருவாக்கும் ஐ.வி.எஃப். சிகிச்சைக்கு வந்தோம், முதல் முறை கருப்பைக்குள் மாற்றிய கரு தங்கவில்லை. உறைநிலையில் இன்னும் இரண்டு கருக்கள் உள்ளன.

கரு தங்க உதவும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோனை, எண்ணெய் ஊசியாக இரவுதோறும் கணவர் போட்டுவிட்டதால் இடுப்புக்குக் கீழே கட்டிய கட்டிகள், வெந்நீர் ஒத்தடம் கொடுத்தும் இன்னும் கரையவில்லை. வகுப்பில் நாற்காலியில் அமரவே வலிக்கிறது. எனக்கு மாதவிடாய் ஒழுங்காக வருவதால், கருப்பையின் உட்சுவரை வளர்க்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் மாத்திரை இல்லாமல், இயல்பான கருமுட்டை வெளியேற்றத்தை ஸ்கேனில் கண்காணித்து, உறைநிலையில் உள்ள கருவைக் கருப்பைக்குள் மாற்ற நாள் குறிக்கும் முறையையும் மருத்துவர் சொல்கிறார்.

அம்முறையில் உறைகரு மாற்றிக்கொண்டவர்கள், எத்தனை முறை ஸ்கேனுக்குச் செல்ல வேண்டியிருந்தது, ஊசி குறைந்ததா, வேலைக்கு எத்தனை நாள் விடுப்பெடுத்தீர்கள் என்பதைத் தெரிவிக்க வேண்டுகிறேன். ‘விசேஷம் உண்டா’ என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லவே தெம்பில்லாத எனக்கு உங்கள் அனுபவம் பெரிய துணையாக இருக்கும்.