ஜூனோ-106: சில கட்டைகள் ஒலிப்பதில்லை, தொடுமுனைகளைத் துடைப்பது எப்படி?

கேள்வி: வெள்ளைக்கட்டை

வணக்கம். 1984-இல் வெளிவந்த ரோலண்ட் ஜூனோ-106 சிந்தசைசர் (மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் கட்டைக் கருவி) ஒன்றை அண்மையில் பழையதாக வாங்கினேன். நடு ஸ்தாயியில் நான்கு கட்டைகள் பலமாக அழுத்தினால் மட்டுமே ஒலிக்கின்றன. மேல் ஸ்தாயியில் ஒரு கட்டை, ஒரு முறை தொட்டால் இரண்டு முறை ஒலிக்கிறது. இவை போதாதென்று, எந்தக் கட்டை என்ற கணக்கே இல்லாமல், அவ்வப்போது ஒரு சுரம் கரகரப்பாக வருகிறது அல்லது வராமலே போகிறது. கருவியைக் கழற்ற வேண்டாம், கட்டைகளின் இடுக்கில் காண்டாக்ட் ஸ்பிரே (மின்னிணைப்புகளைத் துடைக்கும் தெளிப்பான்) அடித்தால் போதும் என்று விற்றவர் சொன்னார். அப்படிச் செய்யலாமா?

மறுமொழி: சால்டர்புகை

ஸ்பிரே அடிக்காதீர்கள். பல ஸ்பிரேக்கள் எண்ணெய்ப் படலத்தை விட்டுச் செல்பவை. அதில் தூசி ஒட்டினால் இன்று ஒலிக்கும் கட்டையும் அடுத்த ஆண்டு ஒலிக்காது. என் கருவி ஒன்றை நானே அப்படிக் கெடுத்திருக்கிறேன்.

நீங்கள் சொல்பவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள். குறிப்பிட்ட கட்டைகள் மட்டும் அடம்பிடித்தால் அது தொடுமுனை, அதாவது கட்டையை அழுத்தும்போது மின்னிணைப்பு ஏற்படும் இடம். கட்டை மாறி மாறி வரும் கோளாறோ பெரும்பாலும் ஆறு குரல்களில் (ஒவ்வொன்றும் ஒரு நேரத்தில் ஒரு சுரத்தை உருவாக்கும் சுற்று) ஒன்றினுடையது. இந்தக் கருவியில் ஒவ்வொரு குரலுக்கும் உள்ள 80017ஏ என்னும் சில்லுகள் அவற்றின் மேலுள்ள எப்பாக்சிப் பூச்சினால் காலப்போக்கில் பழுதாவது பரவலாக அறியப்பட்டதே. கீ டிரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்திக்கொண்டே மின்சாரத்தைப் போட்டால் சோதனை நிலை வரும். ஒவ்வொரு கட்டையாக வாசிக்கும்போது எந்தக் குரல் ஒலிக்கிறது என்பதைத் திரை எண்ணாகக் காட்டும். ஒரே எண் வரும்போதெல்லாம் கரகரப்பு இருந்தால், எவ்வளவு துடைத்தாலும் அது போகாது.

அந்த நான்கு கட்டைகளுக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. வேறொரு கீபோர்டை மிடி (மின்னணு இசைக்கருவிகளை ஒன்றோடொன்று இணைக்கும் முறை) வழியாக இணைத்து அதே சுரங்களை வாசியுங்கள். அவை ஒழுங்காக ஒலித்தால் குற்றம் தொடுமுனையில்தான் என்று உறுதியாகக் கொள்ளலாம்.

மறுமொழி: கறுப்புக்கட்டை

மேலே சொன்னது சரி. துடைக்கும் முறையைச் சொல்கிறேன். மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, கட்டைத் தொகுதியை வெளியே எடுத்து, எந்தத் திருகு எங்கே இருந்தது என்று படம் எடுத்துக்கொண்டு பிரியுங்கள். ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ரப்பர் குமிழ் ஒன்றும், அதன் உட்புறத்தில் கறுப்புக் கார்பன் பொட்டும் இருக்கும். கட்டையை அழுத்தும்போது அந்தப் பொட்டு, மின்சுற்றுப் பலகையில் உள்ள தடங்களை இணைக்கிறது. தூசியோ பிசுக்கோ இடையில் வந்தால் மின்தடை கூடுகிறது. அதனால்தான் பலமாக அழுத்த வேண்டியிருக்கிறது. இணைப்பு நடுங்கும்போது ஒரே தொடுதல் இரண்டாகப் பதிவாகிறது.

99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியில் லேசாக நனைத்து, பலகையின் தடங்களையும் பொட்டுகளையும் ஒற்றி ஒற்றித் துடையுங்கள். குச்சியில் அழுக்குக்குப் பதிலாகத் தொடர்ந்து கறுப்பு மட்டுமே வந்தால் நிறுத்திவிடுங்கள், கார்பனே கரைகிறது என்று பொருள். முழுவதும் உலர்ந்த பின் மாட்டுங்கள். குமிழ்கள் உள்ள ரப்பர் பட்டையை ஊசியால் குத்தி இழுக்காமல் விரலால் அமுக்கிப் பொருத்துங்கள்.

மறுமொழி: ஆர்மோனியக்காரர்

பென்சில் அழிப்பானால் பலகைத் தடங்களைத் தேய்க்கலாமே? மினிமூக் என்ற பழைய சிந்தசைசர் ஒன்றில் அப்படிச் செய்து எனக்குப் பலன் கிடைத்தது.

மறுமொழி: கறுப்புக்கட்டை

ஐயா, அது வேறு அமைப்பு. மினிமூக்கில் வளைந்த கம்பி ஒரு உலோகத் தண்டைத் தொடுகிறது. அங்கும் தங்கப் பூச்சு போய்விடும் என்பதால் தேய்ப்பதை நான் விரும்புவதில்லை. ஜூனோவின் பலகையிலோ கார்பனே மெல்லிய அச்சாகத்தான் இருக்கிறது.

மறுமொழி: வெள்ளைக்கட்டை

மிடி வழியாக வாசித்தபோது நான்கு சுரங்களும் தெளிவாக ஒலித்தன. துடைத்த பின் கட்டைகளும் இப்போது மெல்லத் தொட்டாலே பேசுகின்றன. இரட்டையாக ஒலித்த கட்டை மட்டும் இன்னும் சில நேரம் அப்படியே செய்கிறது. சோதனை நிலையில் 4 என்ற எண் வரும்போதெல்லாம் கரகரப்பு. அதற்குச் சில்லு தேடப் போகிறேன்.

மறுமொழி: சால்டர்புகை

இரட்டையாக ஒலிக்கும் அந்த ஒரு கட்டைக்கு மல்டிமீட்டரால் (மின் அளவுகளை அளக்கும் கருவி) அழுத்திய நிலையில் மின்தடையை அளந்து, பக்கத்துக் கட்டைகளோடு ஒப்பிடுங்கள். மிக அதிகமாக இருந்தால் பொட்டு தேய்ந்துவிட்டது. மறுபடி துடைக்காமல் அந்த ரப்பர் பட்டையை மாற்றிவிடுங்கள்.